எதைச் சொல்வது, எதை விடுவது?

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட இக்காலத்தில், ‘புதிய பதிப்பு வந்துள்ளது, புதுப்பிக்கவும்’ என்னும் அறிவிப்பைக் காணாதவர் இலர். அதன் கீழே, பொடி எழுத்தில், இந்தப் பதிப்பில் என்னென்ன மாறியுள்ளன என்று சில வரிகள் இருக்கும். அவ்வரிகளுக்கு ‘வெளியீட்டுக் குறிப்புகள்’ என்று பெயர். மென்பொருளை எழுதியவர்கள் அதைப் பயன்படுத்துவோருக்கு எழுதும் கடிதம் அது என்றால் மிகையாகாது. ஆனால் பல நேரங்களில் அந்தக் கடிதத்தில் ‘பிழைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒரே வாக்கியம்தான் காணப்படும். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் ‘இங்கு யாவரும் நலம்’ என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் படிப்பவருக்கு என்ன தெரியும்? பாட்டிக்குக் காய்ச்சல் வந்து போனதும், மழையில் பின்சுவர் இடிந்ததும் தெரியாமலே போய்விடும் அல்லவா?

அத்தகைய கடிதம் ஒன்றை எழுதும் பொறுப்பு இவ்வாண்டு எனக்குக் கிடைத்தது. நம் பள்ளி நூலகத்தில் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் ஒரு கணினி நிரலின் உதவியால் நடக்கின்றன என்பதை அனைவரும் அறிவீர்கள். நமக்கு முன் படித்துச் சென்ற அக்காமார் பைதான் மொழியில் எழுதித் தந்த நிரல் அது. மாணவியின் எண்ணைத் தட்டினால் அவள் எடுத்த புத்தகம், திருப்பித் தரவேண்டிய கெடு, கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் எல்லாம் திரையில் தோன்றும். கணினி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஆறு பேரும் ஜூன் முதல் நவம்பர் வரை அந்த நிரலைச் செப்பனிட்டோம். வேலை முடியும் தறுவாயில், நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் சிஸ்டர் ஒரு நிபந்தனை விதித்தார்கள்.

“புதியதை வைப்பதற்கு முன்னால் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி என் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள் அம்மா. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள்.”

கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அரை மணி நேர வேலை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். அது முடிய ஒன்பது நாட்கள் ஆயின. எழுதுவதற்கு ஆன நேரம் சிறிது; எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்கே மற்ற நேரம் எல்லாம் போயிற்று.

எங்கள் கணினி ஆசிரியை முதலில் ஒரு பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார்கள். நிரலில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிவைக்க ‘கிட்’ என்னும் கருவி உதவுகிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய கருவி அது. ஆறு மாதத்தில் நாங்கள் எழுதியிருந்தவை 34 வரிகள். ‘தேடல் பகுதி முழுவதும் மாற்றி எழுதப்பட்டது’, ‘எழுத்துப் பிழை’, ‘மறுபடியும் எழுத்துப் பிழை’, ‘தேதி’, ‘பெயர்களை ஒழுங்குபடுத்தினேன்’, ‘நேற்றுச் செய்ததை நீக்கிவிட்டேன்’ என்று அவை ஓடின.

“இதையே அப்படியே ஒட்டிவிடலாமே மிஸ்? எதையும் மறைத்ததாக ஆகாது” என்றாள் தோழி ஒருத்தி.

மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்: “உங்கள் அக்கா கல்யாணத்துக்கு மளிகைச் சீட்டும் எழுதுவீர்கள், அழைப்பிதழும் அடிப்பீர்கள். துவரம்பருப்பு எத்தனை கிலோ என்று அழைப்பிதழில் போடுவீர்களா? இல்லை, மளிகைச் சீட்டை அனுப்பிவிட்டு, எல்லா விவரமும் இதில் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்பீர்களா?”

மென்பொருள் உலகில் இந்த வேறுபாடு பழையது என்றும் அவர்கள் விளக்கினார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அறிவித்த ‘குனு’ திட்டத்தின் விதிகளில் இரண்டு கோப்புகள் தனித்தனியாகச் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் மாற்றப் பதிவேடு. அது நிரலைப் பின்னால் பேணப்போகிறவர்களுக்கு உரியது. மற்றொன்று ‘செய்தி’ என்னும் கோப்பு. பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் மட்டும் அதில் இடம்பெறும். 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்திலும் இவ்வாறே பதிவேடு வேறு, முக்கியச் செய்தி வேறு. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். பைதான் மொழிக்கும் ஒவ்வொரு பதிப்போடும் ‘புதியவை என்ன’ என்ற கட்டுரை ஒன்று வெளியாகிறது. முழு விவரமும் வேண்டுவோருக்கு நீண்ட மாற்றப் பதிவேடு தனியே இருக்கிறது.

ஒலிவியே லக்கான் என்பவர் 2014ஆம் ஆண்டு தொடங்கிய ‘மாற்றப் பதிவேடு வைத்திருங்கள்’ என்னும் வழிகாட்டியையும் மிஸ் காட்டினார்கள். மாற்றங்களை அவர் ஆறு தலைப்புகளில் பிரிக்கிறார்: புதிதாகச் சேர்த்தவை, மாற்றியவை, விரைவில் நீக்கப்படவிருப்பவை, நீக்கியவை, திருத்திய பிழைகள், பாதுகாப்பு. இந்த ஆறு தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்கள் 34 வரிகளைப் பங்கிட உட்கார்ந்தேன்.

எளிதில் விலகிப்போனவை முதலில் போயின. நிரலுக்குள் இருக்கும் பெயர்களை ஒழுங்குபடுத்தியது, எங்களுக்காக நாங்களே எழுதிவைத்த விளக்கங்களில் எழுத்துப் பிழை திருத்தியது, ஒரு நாள் செய்து மறுநாள் நீக்கியது ஆகியவற்றால் வெளியே எதுவும் மாறவில்லை. இப்படி 21 வரிகள் கழிந்தன. எஞ்சிய 13இல் சில ஒரே வேலையின் துண்டுகள்; அவற்றைச் சேர்த்துக் கட்டினால் எட்டுச் செய்திகள் நின்றன. அந்த எட்டில்தான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது.

முதல் வழக்கு, தேடல் பகுதி பற்றியது. என் தோழி ஒருத்தி காலாண்டு விடுமுறையையும் சேர்த்து மூன்று வாரம் உழைத்து அதை அடியோடு மாற்றி எழுதியிருந்தாள். நூற்றுக்கணக்கான வரிகள்! எங்கள் ஆறு பேரில் அவளளவு உழைத்தவர் யாரும் இல்லை. ஆனால் நூலகத்தில் நிற்பவருக்கு அதனால் தெரியப்போவது ஒன்றே ஒன்று: முன்பு மூன்று விநாடியில் வந்த விடை இனி ஒரு விநாடிக்குள் வரும். ‘தேடல் முன்னைவிட விரைவாக இருக்கும்’ என்று ஒரு வரி எழுதிக் கடைசியில் வைத்தேன்.

“மூன்று வாரத்துக்கு ஒரே வரியா? அதுவும் கடைசியிலா? தேதியை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்கு முதலிடமா?” என்று அவள் கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது.

தேதி விஷயம் இதுதான். பழைய நிரல், திருப்பித் தரவேண்டிய நாளை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்துக் காட்டியது. டிசம்பர் 5 என்பது ‘12/05’ என்று சீட்டில் அச்சாகும். நம் வழக்கப்படி நாளை முன்னால் வைக்க, நிரலில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் போதும். வேலை அவ்வளவு சிறிது. ஆனால் விளைவைப் பாருங்கள். பழைய முறைக்குப் பழகிவிட்டவள் ‘05/12’ என்ற புதுச் சீட்டைக் கண்டால் மே 12 என்று நினைப்பாள். கெடுவோ டிசம்பர் 5. யாரும் சொல்லாவிட்டால் அவளுக்கு இது தெரியவே வழி இல்லை. திரை எந்த எச்சரிக்கையும் தராது. அபராதம் கட்டும் நாளில்தான் தெரியவரும்.

இதிலிருந்து ஒன்று எனக்குப் புலனாயிற்று. ஒரு பொத்தானைக் காணவில்லை என்றால் பயன்படுத்துவோர் உடனே கேட்டுவிடுவார்கள், கேட்க வாய்ப்பிருக்கிறது. பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருந்து, விடை மட்டும் மாறிப்போகும் மாற்றமே பொல்லாதது. 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளியான பைதான் 3.0இல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அச்சிடும் கட்டளையை அப்பதிப்பில் மாற்றினார்கள். பழைய முறையில் எழுதினால் நிரல் நின்று பிழை என்று சொல்லிவிடும். வகுத்தலையும் மாற்றினார்கள். பழைய பைதானில் 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3; புதியதில் 3.5. இங்கே நிரல் நிற்காது, கத்தாது. விடை மட்டும் வேறாக இருக்கும். அதனால்தான் ‘புதியவை என்ன’ கட்டுரை இந்த மாற்றத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டது.

தோழிக்கு மிஸ் சொன்ன பதில் இது: “உன் உழைப்பு பதிவேட்டில் உன் பெயரோடும் நாளோடும் இருக்கிறது. நாளை இந்த நிரலைத் தொடப்போகும் தங்கைமார் அதைப் படித்து உனக்கு நன்றி சொல்வார்கள். இந்தத் தாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. நீ எவ்வளவு பாடுபட்டாய் என்பது அவளுக்கு வேண்டாம். நாளைக்கு அவள் என்ன செய்ய வேண்டும் என்பது வேண்டும்.” தோழியின் முகம் இரண்டு நாள் வாடித்தான் இருந்தது. ஆயினும் தேதிக்கான வரியில் ‘05/12 என்றால் டிசம்பர் 5’ என்று எடுத்துக்காட்டு ஒன்றைச் சேர்க்கச் சொன்னவள் அவளே.

அடுத்தது அகர வரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு அமைந்த எண் வரிசை, நாம் அரிச்சுவடியில் கற்ற வரிசை அன்று. அங்கே ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து, ‘ப’வுக்கு முன்னாலேயே வந்துவிடும், ‘ழ’வும் ‘ள’வும் ‘வ’வுக்கு முன்னால் வரும். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கிய பழைய நிரல், ‘மரம்’ என்பதற்கு முன் ‘மனம்’ என்பதையும், ‘பவளம்’ என்பதற்கு முன் ‘பழம்’ என்பதையும் வைத்தது. இப்போது அகராதி முறைப்படி மரம் முன்னும் மனம் பின்னும், பவளம் முன்னும் பழம் பின்னும் வரும். இது திருத்தம்தான், நல்ல செய்திதான். ஆனாலும் பட்டியலில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கும் என்று கண்ணால் பழகிவைத்திருந்த சிஸ்டருக்கு, பழகிய இடத்தில் புத்தகம் இராது. எனவே நல்ல மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தைத் திரும்பப் பெறும்போது ‘உறுதிதானா?’ என்று நிரல் இனி ஒரு கேள்வி கேட்கும் என்பதையும் இதே காரணத்துக்காகச் சேர்த்தேன். வேகமாகத் தட்டிப் பழகிய விரல்களுக்கு முன்னறிவிப்பு தேவை.

இன்னும் நிகழாத ஒன்றும், திருத்தப்படாத ஒன்றும் தாளில் இடம்பெற்றன. ‘மாத அறிக்கை’ என்ற பொத்தானை அடுத்த ஆண்டுப் பதிப்பில் எடுத்துவிட எண்ணியிருக்கிறோம். தமிழாசிரியை ஒருவர் அதை இன்னும் பயன்படுத்துகிறார்கள். எடுத்தபின் சொல்வது இரங்கல் செய்தி. எடுக்குமுன் சொல்வதே அறிவிப்பு. அதுபோல, புத்தகத்தின் முதுகில் ஒட்டும் சீட்டில் நீண்ட தமிழ்ப் பெயர்கள் சில சமயம் பாதியில் வெட்டுப்படுகின்றன. எங்களால் இன்னும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ‘அறிந்த குறை’ என்று அதையும் எழுதினோம். இல்லாவிட்டால் சிஸ்டர் அச்சுப்பொறியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எஞ்சியவை இரண்டு. அவைதான் ஒன்பது நாளில் ஐந்து நாட்களை விழுங்கியவை.

முதலாவது, பிறர் எடுத்த புத்தகம் பற்றியது. பழைய நிரலில் யார் வேண்டுமானாலும் யாருடைய எண்ணை வேண்டுமானாலும் தட்டி, அவள் ஆண்டு முழுவதும் எடுத்த புத்தகங்களைப் பார்த்துவிடலாம். ஒருத்தி என்ன படிக்கிறாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். இந்த ஓட்டையை அடைத்துவிட்டோம். ஆனால் ‘ஓட்டை இருந்தது’ என்று எழுத வேண்டுமா? எழுதினால், அறியாதவர்களும் அறிந்து முயன்று பார்ப்பார்களே என்று ஒருத்தி அஞ்சினாள். அந்த அச்சம் நியாயமானது.

இதற்கும் உலகில் முன்மாதிரி இருக்கிறது. இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் மென்பொருளில் 2014ஆம் ஆண்டு பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். கடவுச்சொல் முதலிய இரகசியங்கள் கணினியின் நினைவகத்திலிருந்து கசிந்துவிடும் அளவுக்கு ஆபத்தானது அது. ஏப்ரல் 7ஆம் நாள் திருத்திய பதிப்பும் அறிவிப்பும் ஒன்றாகவே வெளிவந்தன. அறிவிப்பு சில வரிகள்தான். எந்தப் பதிப்புகளில் ஓட்டை உள்ளது, எந்தப் பதிப்புக்கு மாற வேண்டும், உடனே மாற முடியாதவர்கள் என்ன செய்யலாம் என்று அதில் இருந்தது. மருந்தில்லாமல் நோயை மட்டும் ஊருக்குச் சொல்லவில்லை. மருந்து கைக்கு வந்தபின் நோயை மறைக்கவும் இல்லை. நாங்களும் அவ்வாறே செய்தோம். நூலகத்தின் இரண்டு கணினிகளிலும் புதிய நிரலை ஏற்றி, சோதித்துப் பார்த்தபின் தாளில் எழுதினோம்: ‘இதுவரை ஒருவர் எடுத்த புத்தகங்களின் விவரத்தைப் பிறரும் காண முடிந்தது. இனி அவரவரும் நூலகப் பொறுப்பாளரும் மட்டுமே காணலாம்.’

இரண்டாவதுதான் பெரிய வழக்கு. கெடு தாண்டிய நாட்களில் ஞாயிறும் விடுமுறை நாட்களும் சேரா என்பது நூலக விதி. வாசலில் எழுதியே இருக்கிறது. பழைய நிரலோ எல்லா நாட்களையும் சேர்த்து எண்ணிவந்தது. ஒன்பது நாள் விடுமுறை நடுவில் வந்தால், ஒருத்தி ஒன்பது ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பாள். நாங்கள் கணக்கைச் சரிசெய்துவிட்டோம். தாளில் என்ன எழுதுவது?

‘அபராதக் கணக்கு மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதலாம் என்றாள் ஒருத்தி. அந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அதைப் படிக்கும் ஒரு மாணவிக்காவது, தான் கூடுதலாகப் பணம் கட்டியிருக்கக்கூடும் என்று தோன்றுமா? தோன்றாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ‘மேம்படுத்தப்பட்டது’ என்ற சொல்லுக்குள் எத்தனை பூசணிக்காய்களையும் மறைத்துவிடலாம் என்று அன்று கண்டேன்.

இன்னொருத்தியின் கவலை வேறு. நிரலை எழுதிய அக்காமார் சம்பளம் வாங்காமல், நம் பள்ளியின்மேல் கொண்ட அன்பினால் எழுதித் தந்தவர்கள். அவர்கள் பிழையைச் சுவரில் ஒட்டுவது நன்றி மறப்பதாகாதா? இதற்கு உடனே பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. கடைசியில், பிழை எது என்று மட்டும் எழுதுவது, எழுதியவர் யார் என்ற பேச்சே எடுக்காமலிருப்பது என்று முடிவாயிற்று. படிப்பவருக்கு வேண்டியது ஆளின் பெயரன்று. தன் பணம் என்ன ஆயிற்று என்பதே.

பணம் சம்பந்தப்பட்டதால் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் தாளைக் காட்டினோம். நான் எழுதியிருந்த வாசகம் இது: ‘இதுவரை ஞாயிறும் விடுமுறை நாட்களும் அபராத நாட்களாக எண்ணப்பட்டு வந்தன. இனி அவை எண்ணப்படா.’ அவர்கள் இருமுறை படித்தார்கள். பிறகு தம் பேனாவாலேயே மூன்றாவது வாக்கியம் ஒன்றைச் சேர்த்தார்கள்: ‘கூடுதலாகச் செலுத்தியவர்கள் நூலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.’

“பெற்றோர் வந்து கேள்வி கேட்பார்களே, சிஸ்டர்?” என்றேன்.

“கேட்கட்டும். கேட்பதற்காகத்தானே எழுதுகிறோம்?” என்றார்கள்.

சொல்லாமல் விட்டதால் பெரிய நிறுவனங்களே இடர்ப்பட்ட வரலாறு உண்டு. 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு 10.2.1 என்ற பதிப்பை வெளியிட்டது. பிழைத் திருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடும் உள்ளன என்று குறிப்பு சொன்னது. பேட்டரி தளர்ந்த பழைய போன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, அவற்றின் வேகத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதில் இருந்தது. பின்னர்ச் சேர்த்த வரியில், அணைந்துபோவதைத் தவிர்க்க மின் மேலாண்மை மேம்படுத்தப்பட்டது என்று இருந்ததே தவிர, போன் மெதுவாகும் என்ற செய்தி இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் உண்மை வெளிப்பட்டது. டிசம்பர் 28ஆம் நாள் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020ஆம் ஆண்டு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்கு 11.3 கோடி டாலர் செலுத்தவும் இசைந்தது. செய்த ஏற்பாட்டுக்கு நல்ல காரணம் இருந்தது. சொல்லியிருந்தால், போன் மெதுவாகிவிட்டதே என்று புதியது வாங்கியவர்களுள் சிலர் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேர்வு அவர்களுக்குக் கிடைக்காமற் போயிற்று.

இதனினும் துயரமானது போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் கதை. அவ்விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழ்நோக்கித் தள்ளக்கூடிய ‘எம்காஸ்’ என்ற மென்பொருள் ஏற்பாடு அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் இடம்பெறவில்லை. 2018 அக்டோபர் 29ஆம் நாள் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். பெரும்பாலான விமானிகள் எம்காஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான். 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் இன்னொரு விமானம் விழுந்து 157 பேர் மாண்டனர். ஒரே ஓர் உணரியின் அளவை நம்பி அந்த ஏற்பாடு இயங்கியது முதலிய வேறு காரணங்களும் இருந்தன. கையேடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தன் கையிலுள்ள விமானத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்பது விமானிக்குச் சொல்லப்படவேண்டிய செய்தியா இல்லையா என்று யாரோ சிலர் ஒரு மேசையில் அமர்ந்து தீர்மானித்திருக்கிறார்கள் அல்லவா? 346 உயிர்களை நினைக்கும்போது, ‘இதை எழுத வேண்டாம்’ என்ற சிறு முடிவுகூட எவ்வளவு கனமானது என்று நெஞ்சு நடுங்குகிறது.

எங்கள் தாள் டிசம்பர் முதல் வாரத்தில் நூலக மேசையருகே ஒட்டப்பட்டது. 34 வரிகளில் எட்டே நின்றன. தேதி முதலில், அபராதம் இரண்டாவது, தேடல் கடைசியில். மூன்றாம் நாள் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதன் முன் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு சிஸ்டரிடம் சென்று, காலாண்டு விடுமுறையில் தான் கட்டிய அபராதத்தைப் பற்றி மெல்லிய குரலில் கேட்டாள். சிஸ்டர் பழைய பதிவைப் பார்த்து ஒன்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு சிலரும் வந்து பெற்றுக்கொண்டார்கள். பெற்றோர் எவரும் சண்டைக்கு வரவில்லை. தந்தை ஒருவர் மட்டும் வந்து தாளை முழுவதும் படித்துவிட்டு, “எங்கள் கடைக் கணக்கு நிரலை விற்றவரும் இப்படி எழுதித் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!” என்று சொல்லிச் சென்றார்.

இந்த ஒன்பது நாளில் நான் கற்றுக்கொண்டதை மூன்று கேள்விகளாகச் சொல்லிவிடலாம். இந்த மாற்றத்தால் படிப்பவர் நாளை எதையாவது வேறுவிதமாகச் செய்யவோ புரிந்துகொள்ளவோ வேண்டியிருக்குமா? இதை அறியாவிட்டால் அவருக்கு இழப்போ தீங்கோ நேருமா? இவ்விரண்டுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால் அச்செய்தி பதிவேட்டோடு நிற்கலாம்; எவ்வளவு பாடுபட்டுச் செய்ததானாலும் சரி. மூன்றாவது கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது: இதை விட்டுவிட நினைப்பது, படிப்பவருக்குத் தேவையில்லை என்பதாலா, எழுத நமக்குக் கூச்சமாக இருப்பதாலா? கூச்சம்தான் காரணம் என்றால் அதுவே முதலில் எழுதவேண்டிய வரி.

தோழியரே! நம்மில் பலர் நாளை மென்பொருள் துறைக்குச் செல்வோம். மற்றவர்கள் மருத்துவமனையிலோ வங்கியிலோ பள்ளியிலோ பணிபுரிவோம். எங்கே இருந்தாலும், ‘என்ன மாறியது என்று நான்கு வரி எழுதிக் கொடு’ என்று ஒரு நாள் நம்மிடம் யாரேனும் கேட்கத்தான் போகிறார்கள். அன்று நம் உழைப்பைப் பட்டியலிட ஆசை எழும். நம் குறையை மூடிவைக்கவும் ஆசை எழும். இரண்டையும் சற்றுத் தள்ளிவைத்து, அந்த நான்கு வரிகளை நம்பி நிற்கப்போகும் ஒருவரை மனத்தில் நிறுத்தி எழுதுவோம். அவர் ஏழாம் வகுப்புச் சிறுமியாக இருக்கலாம், விமானியாகவும் இருக்கலாம்.